எழுபத்தாறு வீதம்

அத்தியாயம் 14

பர்ஹானின் முதல் குத்து ஹமீடின் வாயில் விழுந்தபோது காலை ஏழு மணிகூட ஆகவில்லை.

அடுப்படியில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்த ஜுனைதா உரலைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவள் முற்றத்துக்கு வந்து சேர்வதற்குள் அவளுடைய புருஷன் ஹமீட் மதிலோடு மதிலாக ஒட்டி நின்றான். கீழ் உதடு கிழிந்து வெள்ளைச் சேட்டில் இரத்தம் சொட்டியது. அவளுடைய தம்பி பர்ஹான் அந்தச் சேட்டைக் கொத்தாகப் பிடித்திருந்தான்.

"எழுபத்தாறு வீதம்! ராவு பூரா சார்ஜில கிடந்த காருக்கு எழுபத்தாறு வீதந்தான் ஏறுமா? வயரக் கழட்டினது நீங்கதானே மச்சான்?"

"உண்ட காருக்குக் கிட்ட நான் என்னத்துக்குடா வாறன்? கைய எடு!"

பர்ஹான் கையை எடுக்கவில்லை. ஹமீட் முழங்காலைத் தூக்கி அவன் வயிற்றில் ஓங்கி இடித்தான். பர்ஹான் மடங்கி விழுந்தான், விழும்போது மச்சானின் சேட்டையும் விடாமல் இழுத்துக்கொண்டே விழுந்தான். இரண்டு வளர்ந்த ஆண்கள் ஈர மணலில் உருண்டு புரண்டார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் இரண்டு தலைகள் முளைத்தன.

மெக்கானிக் கிறிஸ்ரோபர் குறுக்கே விழுந்து பிரித்திராவிட்டால் அன்றைய பயணம் முற்றத்திலேயே முடிந்திருக்கும்.

"இதென்ன வேல! ஓட்டிப் பாக்கத்தானே என்னைக் கூப்பிட்டீங்க? குத்துச்சண்டை பாக்கவா கராஜைப் பூட்டிப்போட்டு வந்தன்?" என்று அவர் மூச்சு வாங்கினார்.

ஜுனைதா வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் வயரைக் கழற்றியவள் அவள்தான்.

வேண்டுமென்று செய்யவில்லை. கார் சார்ஜில் கிடக்கும்போது தண்ணீர் மோட்டரைப் போட்டால் வீடு முழுக்கக் கரண்ட் விழுந்துவிடும். சுபஹுத் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒழுச் செய்யத் தாங்கியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. காரின் பிளக்கைப் பிடுங்கினாள், மோட்டரைப் போட்டாள், தாங்கி நிறைந்தது, தொழுதாள், மாவைக் குழைக்கப் போனாள். பிளக்கைத் திருப்பிப் போட மறந்துபோனாள். அவ்வளவுதான் நடந்தது.

இதைச் சொல்ல எத்தனை நேரம் பிடிக்கும்? ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்த வீட்டில் அந்த ஒரு நிமிடத்துக்கு என்ன விலை என்பது உங்களுக்குத் தெரியும். போன கிழமை அந்தச் சபதம் போட்டபோது நீங்களும்தானே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாய்ந்தமருதில் மகளுக்குக் கலியாணம் என்றால் வீட்டை அவள் பெயரில் எழுதுவார்கள். மாப்பிள்ளை பெட்டியோடு அங்கே வந்து சேருவான். ஆண்பிள்ளைகள் தங்கள் மனைவிமார் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஹமீட் அப்படி இந்த வீட்டுக்கு வந்து பதினாறு வருடம். பர்ஹானும் அப்படித்தான் மருதமுனைக்கு, மனைவி மர்ஷூதாவின் வீட்டுக்குப் போனான். கட்டாரில் எட்டு வருடம் வெயில் குடித்துச் சேர்த்த காசை வீட்டாரிடம் ஒரு சொல் கேட்காமல் பழைய ஜப்பான் மின்சாரக் கார் ஒன்றில் போட்டான். அங்கே சண்டை வெடித்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ராத்தா ஜுனைதாவிடம் வந்தான். ஆறு மாதமாயிற்று.

அன்றிலிருந்து ஒரே முற்றத்தில் ஹமீடின் டீசல் டொல்பின் வேனும் பர்ஹானின் காரும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. லைட் பில் இரண்டு மடங்கானது. ஹமீட் கத்தினான். "இது எங்கட உம்மாட வீட்டுக் கரண்ட், வந்தான் வரத்தானுக்கு என்ன கதை?" என்றான் பர்ஹான். அந்தச் சொல் ஹமீடுக்கு எங்கே தைக்க வேண்டுமோ அங்கே தைத்தது.

பிறகுதான் அக்கரைப்பற்றில் புதிதாகத் திறந்த தனியார் மருத்துவ நிலையத்தின் கதை வந்தது. சிறுநீரக நோயாளிகளைக் கல்முனையிலிருந்து கிழமைக்கு மூன்று நாள் ஏற்றி இறக்க ஒரு வாகனம் வேண்டும், குறைந்த செலவில் ஓடுகிறவனுக்கு ஒரு வருட ஒப்பந்தம் என்றார்கள். வேனா காரா என்று நாவால் அடித்துக்கொண்டவர்கள் கடைசியில் ஓட்டியே பார்ப்போம் என்று முடிவெடுத்தார்கள். பொத்துவில் போய்த் திரும்பி வருவது. தோற்றவன் இந்த வீட்டுப் படி ஏறுவதில்லை. "வல்லாஹி" என்று இரண்டு பேரும் சத்தியம் பண்ணினார்கள்.

அந்த வீட்டின் உறுதிப் பத்திரம் யாருடைய பெயரில் இருக்கிறதோ, அவளை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

வேன் தோற்றால் புருஷன் போவான். கார் தோற்றால் தம்பி போவான். ஏழு நாளாக ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் ஜுனைதா கையேந்திக் கேட்டது ஒன்றைத்தான். யா அல்லாஹ், இரண்டு பேரையும் என் வீட்டில் வைத்துக்கொள்.

"கேளுங்க. வேன் டாங்கிய கழுத்து வரைக்கும் நிரப்பி, மூடிக்கு மேல கடதாசி ஒட்டிக் கையெழுத்து வச்சிரிக்கன். திரும்பி வந்து அதே பம்பில மறுகா நிரப்புவன். எத்தின லீற்றர் ஏறுதோ அதுதான் வேன் குடிச்சது. கார் திரும்பி வந்ததும் யூனிற் மீற்றரக் கொழுவி, எழுபத்தாறு வரைக்கும் எத்தின யூனிற் ஏறுதெண்டு பாப்பன். ரெண்டிலயும் மும்மூண்டு நெல் மூட்டை, நோயாளிகள்ர பாரத்துக்கு" என்றார் கிறிஸ்ரோபர். பிறகு பர்ஹானின் முகத்தைப் பார்த்தார். "தம்பி, நூத்தி நாப்பத்தஞ்சு கிலோமீற்றர். எழுபத்தாறு மட்டுமட்டு. நாளைக்குத் தள்ளிப் போடுவமா?"

"தள்ளிப் போட்டா தோத்ததெண்டுதான் கணக்கு" என்றான் ஹமீட், உதட்டை லேஞ்சித் துணியால் அழுத்திக்கொண்டு.

"ஆர்ரா தோத்த? ஏறுங்க!" என்றான் பர்ஹான்.

களவு நடக்காமலிருக்க வேனில் கிறிஸ்ரோபர் ஏறினார். காரில் தன் பக்கத்து ஆள் ஒருவர் இருக்க வேண்டுமென்று ஹமீட் சொன்னான். பெண்டாட்டியைக் கண்ணால் காட்டினான். மகள் றிப்னா டியூசனுக்குப் போயிருந்தாள். ஜுனைதா அபாயா அங்கியை மாட்டிக்கொண்டு தம்பிக்குப் பக்கத்தில் ஏறினாள்.

கார் சத்தமில்லாமல் ஓடியது. ஏசி போட்டால் சார்ஜ் குடிக்கும் என்று பர்ஹான் போடவில்லை. கண்ணாடியைத் திறந்தால் காற்றுப் பிடிக்கும் என்று திறக்கவுமில்லை. நாற்பத்தைந்துக்கு மேல் ஓடவில்லை. அடைத்த கண்ணாடிக்குள் வேர்த்து வழிந்தது. நிந்தவூர் தாண்டியபோது எழுபது. அக்கரைப்பற்றுச் சந்தியில் நெல் லொறிகளுக்கு இடையில் நெளிந்து வெளியே வந்தபோது அறுபத்து மூன்று. ஹமீடின் வேன் கரும்புகையைக் கக்கிக்கொண்டு எப்போதோ முந்திப் போய்விட்டது.

"பாருங்க ராத்தா, பிரேக் பிடிக்கக்குள்ள கொஞ்சம் சார்ஜ் திரும்பி ஏறும்" என்று பர்ஹான் காட்டினான். அந்த நேரத்தில் அவன் முகத்தில் சின்ன வயதுப் பிள்ளையின் சந்தோசம் இருந்தது. "டீசலுக்கு இது ஏலுமா? ஒரு லீற்றர் முந்நூறு ரூபாய்க்குக் கிட்ட. அவர்ட டொல்பின் அத வச்சிப் பத்துக் கிலோமீற்றர் ஓடினாப் பெரிய விசயம். எனக்கு ஒண்டரை யூனிற் காணும்."

"உண்ட கார் நல்ல கார்தான் தம்பி."

"நல்ல கார் எண்டு மர்ஷூதாட வீட்டில ஒருத்தரும் சொல்லல்லயே. ஆறு மாசமா என்ட புள்ளையக் கண்ணில காட்டல்ல. இண்டைக்குத் தோத்தா நான் எங்க போற ராத்தா? கடலுக்கா?"

அவள் தொண்டைவரை வந்தது. தம்பி, வயரக் கழட்டினது நான்டா. சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்த அத்தியாயம் இப்படிப் போயிருக்காது. ஆனால் சார்ஜ் காணும், திரும்பி வந்துவிடுவோம், வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் எண்ணினாள். நம்முடைய வீடுகளில் எத்தனை அநியாயம் இப்படித்தான் பிறகு சொல்லலாம் என்று கிடந்து புளித்துப்போகிறது.

"வெண்டா வாற காசு மட்டும் எனக்குப் பத்தாது" என்றான் பர்ஹான் திடீரென்று. குரல் மாறியிருந்தது. "வயரக் கழட்டின கைய நான் முறிக்காம விடமாட்டன்."

ஜுனைதா தன் கைகளை அபாயாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

பொத்துவிலில் திருப்பியபோது முப்பத்தெட்டு வீதம் இருந்தது. வரும்போது கச்சான் காற்று எதிரே நின்று தள்ளியது, இனி அது முதுகுப் பக்கம். மெதுவாக ஓடினால் வீடு போய்ச் சேரலாம் என்று பர்ஹான் விரல் விட்டு எண்ணினான். ஹமீடும் கிறிஸ்ரோபரும் கடையொன்றில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்க்காததுபோல இவர்கள் கிளம்பினார்கள்.

கோமாரி தாண்டியதும் பின்னாலிருந்து ஹோன் சத்தம் கேட்டது.

வேன். விலகி முந்திப் போக ரோட்டு முழுக்க இடமிருந்தது. ஹமீட் முந்தவில்லை. காரின் முதுகில் ஒட்டிக்கொண்டு ஹோனை அமுக்கிப் பிடித்தான். ஒரு மைல் தூரம் அந்தச் சத்தம் ஓயவில்லை.

"பாக்காத தம்பி. நீ மெல்லப் போ."

டக் என்று ஒரு இடி. வேனின் பம்பர் காரின் பின்பக்கத்தைத் தொட்டது. ஜுனைதாவின் தலை முன்னுக்குப் போய் வந்தது. மீண்டும் ஒரு இடி, இந்த முறை பலமாக. பின்னால் நெல் மூட்டை சரிந்து விழுந்தது.

"காருக்குள்ள அவர்ட பொண்டாட்டி இருக்கிறா எண்டும் பாக்கிறானில்ல!" என்று பர்ஹான் பல்லைக் கடித்தான். கடித்துக்கொண்டே பெடலை மிதித்தான்.

மின்சாரக் காருக்கு இழுவைக்குக் குறைவில்லை. ஐம்பது, எழுபது, தொண்ணூற்றைந்து. பனைகள் பின்னுக்கு ஓடின. வேன் சின்னதாகிப் போனது. முப்பத்தொன்று, இருபத்தாறு, இருபது என்று சார்ஜ் இலக்கமும் கூடவே ஓடியது.

"சார்ஜ் போகுதுடா! காலை எடு!"

அவன் காதில் அது விழவில்லை. வேன் மறுபடி கிட்ட வரும்வரை பொறுத்து, திடீரென்று பிரேக்கை அமுக்கினான். துரத்தி வந்த வேன் வழியில்லாமல் இடது பக்கம் வெட்டியது. இரண்டு வாகனமும் உரசின. காரின் பக்கக் கண்ணாடி பிய்ந்து ஜுனைதாவின் யன்னலில் அடித்துத் தெறித்தது. வேன் மண்ணில் இறங்கி, குலுங்கி, மறுபடி ரோட்டுக்கு ஏறி முன்னால் போனது. பர்ஹான் சிரித்தான். அந்தச் சிரிப்பை ஜுனைதா அதற்கு முன் கேட்டதில்லை. மறுபடி அவன் வேனைத் துரத்தினான்.

தாண்டியடிக்கு இந்தப் பக்கம், ஒரு வீடு வாசல் இல்லாத இடத்தில், கார் தன் பாட்டில் மெதுவாகி நின்றது. சார்ஜ் தீர்ந்ததைக் காட்டும் ஆமைப் படம் ஒன்று திரையில் மின்னி அணைந்தது.

வேன் முன்னால் நின்று பின்னுக்கு வந்தது. ஹமீட் யன்னலால் தலையை நீட்டினான். உதடு வீங்கியிருந்தாலும் அவன் முகம் மலர்ந்திருந்தது.

"என்ன மச்சான், கரண்ட் கட்டா? கயிறு தரவா? வீட்ட போனதும் உண்ட பெட்டியையும் நானே கட்டித் தாறன்."

பர்ஹான் இறங்கியபோது கையில் சில்லுக் கழற்றுகிற ஸ்பேனர் இருந்தது. ஜுனைதா மற்றப் பக்கத்தால் இறங்கி ஓடினாள். அதற்குள் அவன் வேன் கதவைத் திறந்து ஹமீடைத் தலைமயிரில் பிடித்து இழுத்துத் தாரில் போட்டுவிட்டான். இடுப்பில் ஒரு உதை, முதுகில் ஒரு உதை. ஹமீட் உருண்டு, அவன் காலைக் கட்டிப் பிடித்து வாரினான். பர்ஹான் வேனின் நடுக் கதவில் மோதி விழுந்தான். கதவு திறந்துகொண்டது. உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் கேன் சரிந்து வந்து ஹமீடின் மேல் கவிழ்ந்தது.

மண்ணெண்ணெய் மணம் குப்பென்று எழுந்தது.

கிறிஸ்ரோபர் குனிந்து பார்த்தார். கேனிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று முன் சீற்றுக்கு அடியில், எஞ்சினுக்குப் போயிருந்தது.

"ஓ, அதுதானா? அக்கரைப்பற்றிலிருந்தே எஞ்சின் தட்டுது தட்டுதெண்டு நான் யோசிச்சன்" என்றார் அவர். அவர் முகம் கறுத்துப்போயிற்று. "டாங்கிக்கு முத்திரை, எஞ்சினுக்கு வேற வழி. ஒலுவில் துறைமுகத்து மீன்பிடிப் போட்டுக்காரர்ர மலிவு எண்ணெய் போல. ஹமீட், இருவது வருசப் பழக்கத்துக்கு என்னையே மடையனாக்கிப்போட்டியே!"

"டீசல் விக்கிற விலைக்கு..." என்று ஹமீட் எழும்பப் பார்த்தான். கண்ணுக்குள் எண்ணெய் போய் இமையைத் திறக்க முடியவில்லை.

"கள்ளன்! ராவு வயரக் கழட்டின, பகல் எண்ணெயில களவு. நான் தோக்கல்ல, நீ கொள்ளையடிச்ச!"

"வல்லாஹி, வயர நான் தொடல்லடா!"

"சத்தியமும் பொய்யா?"

ஸ்பேனர் இறங்கியது. ஹமீட் கையைக் குறுக்கே கொடுத்தான். முழங்கைக்குக் கீழே எலும்பு உடைந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவன் அலறினான். கிறிஸ்ரோபர் பர்ஹானைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், ஒரு உதறலில் ரோட்டோரத்துக் கல்லில் போய் விழுந்தார்.

ஸ்பேனர் மறுபடி உயர்ந்தது.

"நான்தான்டா!" என்று ஜுனைதா கத்தினாள். "வயரக் கழட்டினது நான்தான்! மோட்டர் போடக் கழட்டினன், போட மறந்திட்டன்! அவரில்ல, நான்!"

பர்ஹானின் கை அந்தரத்தில் நின்றது. அவன் திரும்பிப் பார்த்தான். காலையிலிருந்து அவள் எதற்குப் பயந்தாளோ அது அவன் கண்ணில் அப்படியே தெரிந்தது.

"மறந்திட்டியா? காலையில நான் கேக்கக்குள்ள வாய் எங்க போன? எனக்குப் பக்கத்தில குந்திக்கொண்டு வந்தியே, அப்ப வாய் எங்க?" அவன் குரல் உடைந்தது. "நீயும் உண்ட மாப்பிள்ளைர பக்கந்தான். சொல்லி வச்சித்தான் ரெண்டு பேரும் செஞ்சிரிக்கீங்க."

"இல்லடா, என்ட வாப்பாவில சத்தியமா..."

அவன் அவளை அடிக்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே கையை இறக்கினான், கீழே கண் தெரியாமல் தவழ்ந்துகொண்டிருந்தவனின் தலையில்.

ஹமீட் சத்தமில்லாமல் குப்புற விழுந்தான். மண்ணெண்ணெயோடு இரத்தம் கலந்து தார் ரோட்டில் ஓடியது. ஜுனைதா அதில் முழங்கால் படக் குந்தி, புருஷனின் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். தலைச் சால்வையின் ஓரத்தைக் கிழித்துக் கட்டினாள். கட்டக் கட்டச் சிவந்தது.

பர்ஹானின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது.

"மச்சான்," என்றான். பிறகு சின்னப் பிள்ளைபோல, "ராத்தா, மச்சானுக்கு என்ன?" என்று கேட்டான்.

"வேன எடு!" என்று கிறிஸ்ரோபர் கத்தினார். நொண்டிக்கொண்டு வந்து, குழாயைப் பிடுங்கி டாங்கி வழியைத் திருப்பிப் பொருத்தினார். "டீசல்ல ஓடும். ஓடு! காரோட நான் நிக்கிறன்."

ஆறு மாதமாகப் புகைக் குடம் என்று ஏசிய வேனை அன்றைக்குப் பர்ஹான்தான் ஓட்டினான். அழுதுகொண்டு ஓட்டினான். ஜுனைதா பின் சீற்றில் ஹமீடின் தலையை அசையாமல் பிடித்திருந்தாள். மூச்சு இருந்தது. திருக்கோவில் கிட்ட வந்தபோது அவன் கண்ணைத் திறந்தான்.

"பர்ஹான்."

"ஓம் மச்சான், ஓம் மச்சான். வந்திட்டம்."

"டயர் மாத்தக்குள்ள வேனத் தூக்கின ஜக் வழுக்கின. அப்பிடிச் சொல்லு." அவன் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தான். "பொலிசுக்குப் போனா எண்ணெய்க் கதையும் வரும். கொன்ராக்ட் ரெண்டு பேருக்கும் இல்லாமப் போயிரும்."

"ஓம் மச்சான்."

அவளிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மடியில் தலை இருந்தது, தலையிலிருந்து இரத்தம் அவள் தொடைக்கு இறங்கிக்கொண்டிருந்தது, அவளுக்கு மேலால் இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் தலைக்குப் பதினொரு தையல். கையைப் படம் எடுத்தார்கள். உயிருக்குப் பயமில்லை என்று டொக்டர் சொன்னபோது பர்ஹான் சுவரில் சாய்ந்து விக்கி விக்கி அழுதான். ஜுனைதாவுக்குக் கண்ணீர் வரவில்லை. அபாயாவிலிருந்து மண்ணெண்ணெய் மணம் போகவில்லை.

ஆஸ்பத்திரிப் பொலிஸ் சார்ஜன்ட் ஒரு வயதான தமிழர். மேசையில் பெரிய புத்தகத்தை விரித்து வைத்திருந்தார்.

"எப்பிடி நடந்த?"

"டயர் மாத்தக்குள்ள ஜக் வழுக்கின சேர்" என்றான் பர்ஹான். கண்ணைத் துடைத்துவிட்டிருந்தான்.

"காயப்பட்டவரும் அதத்தான் சொல்றார்." அவர் ஜுனைதாவைப் பார்த்தார். "தங்கச்சி, நீங்களும் அங்கதானே நிண்ட? அப்பிடித்தானெண்டு சொல்லி ஒரு கையெழுத்து வச்சா முடிஞ்சிது. நீங்க வீட்ட போகலாம்."

பக்கத்துத் திரைக்குப் பின்னால் ஹமீட் படுத்திருந்தான். அவன் மூச்சு விடுவது கேட்டது. அவனும் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

ஜுனைதாவுக்கு அப்போதுதான் விளங்கியது. ஓம் என்று தலையாட்டினால் போதும், இரண்டு பேரும் அவள் வீட்டுக்கு வருவார்கள். தோற்றவனும் இல்லை, வென்றவனும் இல்லை. ஏழு நாளாக அல்லாஹ்விடம் கேட்டது அப்படியே கைக்கு வந்திருந்தது. இரண்டு பேரும் ஒரே முற்றத்தில், ஒரே மதிலுக்குள், அடுத்த சண்டைவரை. அடுத்த முறை ஸ்பேனர் இறங்கும்போது றிப்னா டியூசனுக்குப் போயிருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

"இல்ல சேர்" என்றாள்.

பேனா நின்றது.

"ராத்தா!" பர்ஹானின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. எலும்பு நோகப் பிடித்தது. அவள் உதறவில்லை. அந்தக் கையை அப்படியே மேசைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

"அடிச்ச கை இதுதான் சேர்."

சார்ஜன்ட் கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். திரைக்குப் பின்னால் கட்டில் கிரீச்சிட்டது.

"அவள்ர கதைய எழுதாதீங்க சேர்!" என்று ஹமீட் கத்தினான். தலையில் பதினொரு தையலோடு அந்தச் சத்தம் எங்கிருந்து வந்ததோ. "அவளுக்குப் புத்தி சரியில்ல! வேன விட்டு நான்தான் விழுந்தன்!"

"முதல்ல ஜக் எண்டீங்க" என்றார் சார்ஜன்ட். பிறகு ஜுனைதாவிடம் மெல்லக் கேட்டார். "இவர் உங்களுக்கு என்ன முறை?"

"கூடப் பிறந்த தம்பி. உள்ளுக்குக் கத்துறது என்ட மாப்பிள்ளை. அவர் எங்களக் காரோட சேத்து இடிச்சதையும் எழுதுங்க."

"எழுதினா ரெண்டு பேரும் கோட்டுக்குப் போக வரும் தங்கச்சி. பிறந்த வீடு, புகுந்த வீடு, ரெண்டையும் பகைச்சிக்கொண்டு எங்க இருக்கப் போறீங்க?"

"எனக்குப் புகுந்த வீடெண்டு ஒண்டு இல்ல சேர். ஒரு வீடுதான் இரிக்கு, அது என்ட பேரில."

அவர் அவள் சொன்னதை வரி வரியாக எழுதி முடித்தார். பிறகு புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி, கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தைக் காட்டினார்.

பர்ஹான் அவளுடைய வலது கையை இன்னும் விடவில்லை. ஜுனைதா இடது கையால் பேனாவை எடுத்தாள்.